முதல் தட்டு

"உப்பு தூக்கல். மனுஷன் வாயில வைப்பானா இதை?"

மதலைமுத்து சொன்னது கடை முழுக்கக் கேட்டது. வந்திருந்தவர்களின் கேமராவிலும் பதிந்தது.

ஆஸ்டின் டவுனில் ஆம்ப்ரோஸின் கடை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மஞ்சள் சோறும் கொத்துக்கறி உருண்டைக் குழம்பும். முன்பெல்லாம் பூசை முடிந்து வரும் அக்கம்பக்கத்தார்தான் சாப்பிடுவார்கள். இப்போது ரித்விக் என்பவன் வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறான். பெங்களூரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு லால்பாக்கும் அரண்மனையும் போதவில்லை. தெருத்தெருவாய்ப் போய்ச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். அன்று புனேவிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள்.

அவர்கள் முன்னால்தான் மதலைமுத்து இப்படிச் சொன்னார்.

அவர் ஒன்றும் அந்நியரில்லை. ஆம்ப்ரோஸின் மனைவி பெட்டிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். பெட்டி இறந்ததிலிருந்து வாராவாரம் ஜீவனஹள்ளியில் பஸ் ஏறி வந்துவிடுவார். அடுப்பிலிருந்து இறங்கியதும் முதல் தட்டு அவருக்குத்தான் வேண்டும். ஒரு வாய் வைத்ததும் குறை ஆரம்பிக்கும். உப்பு தூக்கல், இல்லாவிட்டால் புளிப்பு. "எங்க பெட்டி கை உனக்கு வராது மாப்ளே" என்று முடிப்பார். அந்த வாயை அடைப்பதற்காகவே ஆம்ப்ரோஸ் இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பாலைக் குழம்பில் ஊற்றிக் கொதிக்கவிடுவார்.

அன்று ஆம்ப்ரோஸுக்குப் பொறுக்கவில்லை. ஒரு கரண்டி எடுத்து நாக்கில் விட்டுப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

"வந்தவங்க முன்னாடி என் மானத்தை வாங்கணும்னே வந்தீங்களா மச்சான்?"

"சொன்னா ரோஷம் வருதா? மொதல்ல தேங்காய்ப்பாலை ஊத்துய்யா."

"ஊத்த மாட்டேன். உங்க தங்கச்சி இருந்தப்பவும் இதே கதைதான். குழம்பு எறக்கற நேரமா பாத்து, 'போய் டேபிள் தொடைங்க'ன்னு என்னை வெரட்டிடுவா. சமைக்கறது நான், பேரு அவளுக்கு. இப்ப நீங்க வந்துட்டீங்க. நான் நாலு பேர்கிட்ட பேர் வாங்கினா உங்க குடும்பத்துக்கே ஆகாது."

மதலைமுத்துவின் கை தட்டிலேயே நின்றது.

"மாப்ளே, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். இனிமே இந்தக் கடைப் பக்கம் வராதீங்க."

மதலைமுத்து எழுந்து கை கழுவினார். வாசலில் நின்று திரும்பி, "அந்தத் தேங்காய்ப்பால் மட்டும்..." என்று இழுத்தார். ஆம்ப்ரோஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புனேக்காரர்கள் சிரித்த முகமாகச் சாப்பிட்டார்கள். "சூப்பர் அங்கிள்" என்று தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். போன பிறகு பார்த்தால், தட்டுகளில் சோறு தீர்ந்திருந்தது, குழம்பு அப்படியே இருந்தது. அவர்களுக்குக் காரம் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று ஆம்ப்ரோஸ் நினைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறும் அப்படித்தான். அதற்கடுத்த ஞாயிறு ரித்விக் வரவேயில்லை. போன் போட்டார்.

"பேஜார் பண்ணிக்காதீங்க அங்கிள். கெஸ்ட்டுங்க வேற இடம் கேக்கறாங்க. இப்ப காக்ஸ் டவுன் பக்கம் போயிட்டிருக்கோம்."

"ஏன்ப்பா, சாப்பாட்டுல ஏதாவது...?"

"சேச்சே! சாப்பாடு சூப்பர் அங்கிள்."

காக்ஸ் டவுன். அதை ஒட்டித்தானே ஜீவனஹள்ளி! ஆம்ப்ரோஸுக்கு எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருந்தது. இது மச்சான் பற்ற வைத்த நெருப்பு.

மீந்த குழம்பை டிபன் கேரியரில் அள்ளிக்கொண்டு ஆட்டோ பிடித்தார்.

கதவைத் திறந்தது மதலைமுத்துவின் மகள் சிந்தியா. அவளைத் தாண்டி உள்ளே போய்க் கேரியரை மேசைமேல் வைத்தார்.

"ரித்விக்கிட்ட என் கடையைப் பத்தி என்ன மச்சான் சொன்னீங்க?"

"நான் யார்கிட்டயும் பேசலையே மாப்ளே."

"அப்ப இதைச் சாப்பிடுங்க. என் முகத்தைப் பாத்து சொல்லுங்க, இதுல என்ன குறை?"

மதலைமுத்து ஓர் உருண்டையைப் பிட்டு, குழம்பில் தோய்த்து வாயில் போட்டார். மெதுவாக மென்று விழுங்கினார்.

"நல்லா இருக்கு மாப்ளே."

"கேட்டியாம்மா சிந்தியா? அன்னிக்கு ஊரைக் கூட்டினவரு, இன்னிக்கு நல்லா இருக்குங்கறாரு!"

சிந்தியா ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடித் துப்பினாள்.

"அய்யோ அங்கிள், இப்படிக் கரிக்குது! டாடி, எப்படி இதை முழுங்கினீங்க?"

ஆம்ப்ரோஸ் அதே ஸ்பூனால் ஒரு வாய் எடுத்தார். இன்னொரு வாய். நாக்கைச் சுழற்றி உப்பைத் தேடினார். கரிக்கவில்லை. சரியாகத்தான் இருந்தது.

சிந்தியா இன்னும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் நடிக்கவில்லை.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எப்பலேர்ந்து மச்சான்?"

"கொரோனா வந்து படுத்தியே, அப்பலேர்ந்து." மதலைமுத்து கேரியரை மூடினார். "நாக்குல ருசி போச்சுன்னு தெரிஞ்சா நீ அடுப்பையே அணைச்சிட்டு முடங்கிடுவேன்னு பெட்டிக்கு பயம். அதான் உன்னை டேபிள் தொடைக்க அனுப்பிட்டு, அவ குழம்பைச் சரி பண்ணுவா."

ஆம்ப்ரோஸ் மூடிய கேரியரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கடைசியா ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சிட்டு அதைத்தான் சொன்னா. 'இனிமே மொதல் தட்டை நீ வாங்கிக்கண்ணா. நல்லா குறை சொல்லு. உன் மேல இருக்கற கோவத்துலயாவது தேங்காய்ப்பாலை ஊத்துவாரு.'"