பல் நெருக்கமான ரம்பம்

பெரிய பல் வைத்த ரம்பத்தை எடுத்துப் பலகையின் மேல் வைத்தார் பீர் மைதீன்.

சங்கரன்கோவில் தேரடிப் பக்கம் அவருடைய இரும்புக்கடை. வாசலில் நின்ற ஆறுமுகத்தாய் ரம்பத்தைத் தொடவில்லை.

அவள் தங்கை கோமதித்தாயின் கல்யாணத்துக்கு விறகு வந்து இறங்கியிருந்தது. எல்லாம் உடைமுள் மரம், ஆள் நீளத்துக்குக் கட்டைகள். அறுக்க வந்தவன் ரம்பம் கேட்டான். அப்பா நல்லகண்ணு பந்தல்காரனோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்ததால் கடைக்கு அவளை அனுப்பியிருந்தார்.

ஈரம் காயாத மரத்துக்குப் பல் இப்படி அகலமாக இருந்தால்தான் தூள் அடைக்காது என்றார் பீர் மைதீன். மண்ணெண்ணெய் கிடைக்காத இந்தக் காலத்தில் விறகுதானே கதி, கல்யாணம் முடிந்தாலும் வீட்டுக்கு உதவும் என்றார்.

அவள் சுவரில் தொங்கிய இன்னொன்றைக் காட்டினாள். பல் பொடிப்பொடியாக, நெருக்கமாக இருந்தது.

அது ஆசாரிமார் வாங்குவது, விறகுக்கு ஆகாது என்றார்.

"காஞ்ச தேக்க அறுக்குமா அண்ணாச்சி?"

அறுக்கும். ஆனால் தேக்கை யாராவது அடுப்பில் வைப்பார்களா என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. கட்டில் என்றாள்.

அவளுக்குச் சீராகக் கொடுத்த கட்டில் அது. பிள்ளை இல்லை என்று ராயகிரியிலிருந்து அவளைத் திருப்பி அனுப்பியபோது, அதே மாட்டுவண்டியில் கட்டிலும் வந்து இறங்கியது. இப்போது அப்பா அதற்கு வார்னிஷ் அடித்து முற்றத்தில் காயப்போட்டிருக்கிறார். நல்ல மரம், வீணாகக் கிடப்பானேன், சின்னவளுக்குச் சீராகப் போகட்டும் என்றார்.

பீர் மைதீன் முகம் சுருங்கியது. கூடப்பிறந்தவள் மேல் பொறாமை என்று நினைத்துவிட்டார் போல. உனக்குத்தான் அமையவில்லை, அவளாவது நல்லா இருக்கட்டும் என்று புத்தி சொன்னார். பேச்சை மாற்ற, மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று கேட்டார்.

"ராயகிரிதான். எங்க வீட்டுக்காரருதான் மாப்பிள்ளை."

சொத்து வெளியே போய்விடக் கூடாது என்று இரண்டு வீட்டாரும் பேசி முடித்திருந்தார்கள். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

பீர் மைதீன் சுவர்ப் பக்கம் திரும்பினார். அவள் காட்டிய ரம்பத்தைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

வீட்டில் அப்பா இல்லை. அவள் முற்றத்தில் கட்டிலைக் கவிழ்த்துப் போட்டாள். தலைமாட்டுக் காலில் ரம்பத்தை வைத்து இழுத்தாள். இழுக்க இழுக்கக் கட்டில் கூடவே நகர்ந்தது. காலால் மிதித்துப் பார்த்தாள். நிற்கவில்லை.

சத்தம் கேட்டுக் கோமதித்தாய் வெளியே வந்தாள். உள்ளங்கை இரண்டிலும் மருதாணி. அக்காவைப் பார்த்தாள். ரம்பத்தைப் பார்த்தாள்.

கத்தப்போகிறாள் என்று ஆறுமுகத்தாய் காத்திருந்தாள்.

கோமதித்தாய் மருதாணி கலையாமல் கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கட்டிலின் மறுமுனையில் ஏறி உட்கார்ந்தாள். கட்டில் அசையாமல் நின்றது.

"இப்ப இழு அக்கா," என்றாள்.

இரண்டு பேரும் அழவில்லை. தூள் மட்டும் உதிர்ந்தது.

சாயங்காலம் அப்பா பெரியவளை அடித்தார். மறுநாளே வேறு கட்டில் வாங்கி வந்தார்.

கல்யாணம் நிற்கவில்லை. முகூர்த்தத்தன்று கோமதித்தாய் குளிக்க வெந்நீர் வைத்தது ஆறுமுகத்தாய்தான். தேக்கு நின்று எரிந்தது.