ஊர்வலக் காரின் புது டயர்

காஜா பேராங் வட்டாரத்தில் தன் வீட்டு வாசலில், காலை வெயிலில், மல்லிகா குந்தியிருந்து தங்கள் வாடகைக் காரின் புது டயரைத் தேய்க்கிறாள். ஆலையிலிருந்து ஒட்டிவந்த மெழுகு போனால்தான் கறுப்புப் பூச்சு பிடிக்கும். சவர்க்கார நுரை சாம்பல் நிறத்தில் வழிந்து சாக்கடைக்கு ஓடுகிறது. ரப்பர் வாடை கையெல்லாம் ஏறிவிட்டது. நாளை மெர்டேக்கா சுதந்திர தின ஊர்வலத்தில் இந்தக் காரை அவள்தான் ஓட்டப்போகிறாள். பூச்சு டப்பாவோடு வெளியே வரும் கணவன் தேவதாஸ், அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறான்: "நாளைக்கு என் தம்பி ஓட்டட்டும்லா. பொம்பள ஓட்டினா ஊரே சிரிக்கும்." தேய்க்கும் கை நின்றுவிடுகிறது. அவன் கால் முறிந்து படுத்திருந்தபோது லைசன்ஸ் எடுத்து, கிளேபாங்குக்கும் புக்கிட் ரம்பாய்க்கும் ஆள் ஏற்றிப் போய் வீட்டில் உலை வைத்தவள் அவள். "அப்ப நான் பொம்பள இல்லையா? அப்ப யாருங்க சிரிச்சா?" காது மடல் கொதிக்க எழுந்து, டப்பாவைப் பிடுங்கிக் கீழே வைத்து, நுரை சொட்டும் பிரஷை அவன் கையில் திணிக்கிறாள். "நாளைக்கு நான்தான் ஓட்டுறேன். மிச்ச டயர நீங்க கழுவுங்க." எதிர்வீட்டு ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டு, தேவதாஸ் வேட்டியை மடித்துக் கட்டி மெல்லக் குந்துகிறான்.