மஞ்சள் பஞ்சு

கனடாவின் தண்டர் பே நகரில் முதல் பனி விழுந்த வாரம், வெல்மாவின் துணி உலர்த்தும் டிரையர் நாலு துண்டுகளை உலர்த்தவே இரண்டு மணி நேரம் எடுத்தது. கணவர் கார்னெட் வீட்டின் பின்சுவருக்குப் போய்ப் பார்த்தார். டிரையரின் சூடான காற்று வெளியேறும் இடத்தில் பிளாஸ்டிக் மூடி உடைந்து, குழாயில் துணிகளிலிருந்து உதிர்ந்த பஞ்சு அடைத்துக் கிடந்தது. மூடியைக் கழற்றிவிட்டுக் கையை விட்டு இழுத்தார். வந்ததெல்லாம் மஞ்சள்.

“வெல்மா, மஞ்சள்ல எதையாவது துவைச்சியா?”

“நம்மகிட்ட மஞ்சள் துணி ஏது?” என்றாள் சன்னல் வழியாக.

 அந்த வீட்டில் இருந்த ஒரே மஞ்சள் துணி, மகன் டெரிலுக்கு அவள் பின்னி, ஐந்து மரப் பொத்தான்கள் வைத்துத் தைத்த கம்பளிச் சட்டை. மூன்று வருடங்களுக்கு முன் அதைப் போட்டுத்தான் அவனை அடக்கம் செய்தார்கள். டிரையரும் குழாயும் போன கோடையில் வாங்கியவை.

கார்னெட் புது மூடியைப் பொருத்தி, விளிம்பில் பசை பூசினார். வெல்மா வெள்ளைத் துண்டுகளைப் போட்டாள். நாற்பது நிமிடத்தில் உலர்ந்துவிட்டன. டிரையரின் வடிகட்டியில் மஞ்சள் பஞ்சு படிந்திருந்தது.

“தூக்கிப் போட்டுடவா?” என்றார் கார்னெட்.

“வேணாம். கைய எடு.”

மறுநாளும் அதே துண்டுகளைத் துவைத்தாள். அதற்கு மறுநாளும் துவைத்தாள். ஐந்தாம் நாள் டிரையருக்குள் ஏதோ டக் டக்கென்று உருண்டது. வெல்மா துழாவி, ஒரு மரப் பொத்தானை எடுத்தாள். துளைகளில் மஞ்சள் நூல் இருந்தது. அதைக் கார்னெட்டின் உள்ளங்கையில் வைத்தாள்.

“இன்னும் நாலு வரணும்,” என்று சொல்லிவிட்டுத் துண்டுகளை மறுபடி நனைக்கப் போனாள்.