மிதுனனின் சீற்

மல்வேர்ன் டவுன்ஹவுஸ் வாசலில் கார் நிற்கிறது. நான்கு சில்லுகளின் கீழும் கண்ணூறு கழிய அம்மா வைத்த தேசிக்காய்கள். முன்கண்ணாடியில் மாலை வெயில் மஞ்சளாய் அப்பிக் கிடக்கிறது. நேற்றுத்தான் கார் பழகுவதற்கான ஜீ-வன் எழுத்துப் பரீட்சையில் பாஸான பதினாறு வயது தர்சிகா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருக்கிறாள். கால் பிரேக்குக்கு எட்டவில்லை. சீற் இன்னும் அண்ணன் மிதுனனின் நெடுங்கால்களுக்கே பின்தள்ளிக் கிடக்கிறது. ஜீ-வன்காரர் ஓட்டும்போது பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர் இருக்கவேண்டும் என்பது சட்டம். போன மாரியில், ஜீ-வன் மட்டுமே வைத்திருந்த மிதுனன் சிநேகிதனின் காரைத் தனியே கொண்டுபோனான்; உயிரோடு திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து இந்தக் காரையும் ஒருவரும் எடுக்கவில்லை.

"அண்ணா கார் பழக்கச் சொல்லிக் கேக்கேக்கை எல்லாம் உங்களுக்கு ஷிப்ட். இப்ப எனக்கு மட்டும் நேரம் கிடைச்சிட்டுதோ?"

பக்கத்து சீற்றில் அம்மா இருக்கிறாள். இல்லாத பிரேக்கை அவளுடைய வலது கால் இப்போதே அமத்திக்கொண்டிருக்கிறது. "சீற்றை முன்னுக்கு இழு, பிள்ளை" என்கிறாள்.

தர்சிகா கண்ணை மூடிக்கொண்டு இழுக்கிறாள். சீற் கரகரவென்று முன்னே நகர, முதுகுக்குப் பின்னால் ஒரு ஆள் கால் நீட்டுமளவு இடம் விரிகிறது.

"பெல்ட்டைப் போடு."

தர்சிகா தன் பெல்ட்டைத் தொட்டுப் பார்க்கிறாள். அது முதலே பூட்டித்தான் இருக்கிறது. அம்மாவின் முகமோ பின்னால் விரிந்த அந்த இடத்தை நோக்கித் திரும்பியிருக்கிறது.