மாப்பிள்ளைக்குப் பிடித்த பன்றி ரோஸ்ட்

தோலோடு கிடந்த பன்றித் தொடையைத் தொட்டதுமே அம்மா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். ஆயுசில் ஒரு முட்டையைக்கூட உடைத்தறியாதவள் அவள்.

“கண்ண மூடிக்கிட்டுத் தடவும்மா. உன் மாப்பிள்ளைக்கு இதுன்னா உசுரு” என்று பூண்டையும் ரோஸ்மேரி இலையையும் நசுக்கிக் கொடுத்தாள் மகள்.

கல்யாணம் பேசி முடித்தபின் அவன் முதல்முறையாகச் சாப்பிட வருகிறான். வேறு வழியில்லை. அம்மா மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு தடவினாள். அடுப்பில் கொழுப்பு உருகிய வாடைக்கு இரண்டு தடவை வாந்தி எடுத்தாள்.

மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தான். முதல் துண்டை வாயில் போட்டதும் அவன் கண் கலங்கியது. தண்ணீரைக் குடித்து விழுங்கினான்.

“பிரமாதம் அத்தை.”

“இன்னொரு துண்டு வைக்கட்டுமா மாப்பிள்ளை?”

அவன் வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினான். அம்மா பதறிப் பின்னாலேயே ஓடினாள்.

“மன்னிச்சுடுங்க அத்தை. எனக்குக் கறின்னாலே ஆகாது. நீங்க ஆசை ஆசையா சமைப்பீங்க, சாப்பிடலன்னா மனசு ஒடிஞ்சிடுவீங்கன்னு உங்க பொண்ணு சொன்னா.”

“ஆசையா? நானா?”

இருவரும் சாப்பாட்டு மேசைக்குத் திரும்பினார்கள். மகள் மூன்றாவது துண்டை வெட்டிக்கொண்டிருந்தாள்.

“ஹாஸ்டல்லகூட தோல் இப்படி மொறுமொறுன்னு வந்ததில்லம்மா!”