உப்பு பார்க்காத கூட்டு

"அவரைக்காயைக் கிள்ளினியா, கடிச்சுத் துப்பினியா?"

"கிள்ளினேன்" என்றான் தருமன். எட்டு வயது.

"பார்த்தா அப்படித் தெரியலையே. ஏண்டி பாப்பா, நீ உரிக்கிற மல்லாட்டை சட்டிக்குப் போகுதா, வாய்க்குப் போகுதா?"

சந்திரகலா வாயிலிருந்த வேர்க்கடலையை மெல்லாமல் விழுங்கினாள்.

அந்த அம்மாள் மணைப்பலகையில் உட்கார்ந்து அடுப்படியை ஆண்டுகொண்டிருந்தார். அடுப்படி சரோஜாவுடையது. பிள்ளைகளும் அவளுடையவர்கள்தான். அவள் ஓரமாக நின்று கேட்டதை எடுத்துக் கொடுத்தாள்.

தீபத்தன்று திருவண்ணாமலையில் குடியிருப்பவர்களுக்கு உறவினர் பஞ்சம் வருவதில்லை. வருஷம் முழுக்க ஒரு கார்டு போடாதவர்கள்கூட அன்று பையோடு வந்து நிற்பார்கள். முகத்தைப் பார்த்து முறை கேட்பது மரியாதை இல்லை. முந்தின நாள் வந்தவர்கள் எல்லோரும் மலை சுற்றப் போயிருந்தார்கள். இந்த அம்மாள் காலையில் தனியாக வந்தார். வந்ததும் வராததுமாகப் புளியை எடுத்து முகர்ந்து பார்த்தார். கணவன் பக்கத்து ஆள் என்று சரோஜாவுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

"பரங்கிக்காயை யார் நறுக்கினது?"

"நான்தான் அத்தை."

"மாட்டுக்குப் போடறதுக்கா?"

சரோஜாவின் நாக்கு நுனிக்கு ஒரு பதில் வந்தது. நல்ல பதில். விழுங்கினாள்.

போன வருஷம் இப்படி ஒரு பதிலை அவள் விழுங்கவில்லை. ரசத்தைக் குறை சொன்ன, கணவன் ராமதாஸின் அத்தை அன்றே பஸ் ஏறிவிட்டார். ராமதாஸ் பொங்கல் வரை அவளோடு பேசவில்லை. இந்த வருஷம் பத்து நாள் முன்பே சொல்லிவிட்டான்.

"வீட்டுக்கு வந்தவங்க கிட்ட ஒரு வார்த்தை ஏடாகூடமா வந்துது, கீழ்பென்னாத்தூர் பஸ்ஸைப் பிடிச்சு உங்கம்மா வீட்டுக்குப் போயிடு. திரும்பி வராத."

அதைப் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

ராமதாஸ் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தான்.

"தம்பி, இது என்னாது?" அந்த அம்மாள் ஒரு தேங்காய் மூடியைத் தூக்கிக் காட்டினார்.

"தேங்காய்ங்க."

"கொப்பரை. வேற வாங்கிட்டு வா. ஆட்டிப் பார்த்து வாங்கு, தண்ணி சத்தம் கேக்கணும்."

"இதோ போறேங்க."

கொல்லையிலிருந்து ஒரு இணுக்குக் கறிவேப்பிலை கொண்டுவர ஆள் கேட்கிறவன், தீபத்தன்று அத்தனை கூட்டத்தில் புகுந்து தேங்காய் வாங்கி வந்தான். அதுவும் சரியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டான். முகம் சுளிக்காமல் மறுபடி போனான். சொந்த ரத்தம் என்றால் காலில் சக்கரம் முளைக்கும் போலிருக்கிறது என்று சரோஜா நினைத்துக்கொண்டாள்.

கூட்டு கொதித்தது. அந்த அம்மாள் உப்பு ஜாடிக்குள் கையை விட்டார்.

"அத்தை, உப்பு நான் போட்டாச்சு."

"எவ்ளோ?"

"அளவாத்தான்."

"அதான் பயமா இருக்குது."

ஒரு கை கல்லுப்பு சட்டிக்குள் விழுந்தது.

"நான் ருசி பார்த்துச் சொல்றேன்" என்று தருமன் கையை நீட்டினான்.

"தீபம் பாக்காம வாயில வெப்பியா? சாமி கண்ணைக் குத்தும்."

காலையிலிருந்து பெரியவர்கள் எல்லோரும் விரதம். மலையில் விளக்கு ஏறும்வரை அந்தக் கூட்டு சப்பா கரிப்பா என்று அண்ணாமலையாருக்குத்தான் தெரியும்.

"இது என் வீடு. இந்த அடுப்பு..." என்று ஆரம்பித்துவிட்டாள் சரோஜா.

சந்திரகலா அவள் முந்தானையை இழுத்தாள். "அம்மா, பஸ்ஸு."

"...இந்த அடுப்பு கொஞ்சம் வேகமா எரியும், பார்த்துக்கங்க அத்தை" என்று முடித்தாள் சரோஜா.

ஆறு மணிக்கு மாடியில் நின்று எல்லோரும் தீபம் பார்த்தார்கள். அரோகரா போட்டார்கள். கீழே வந்து இலை போட்டார்கள். மலை சுற்றப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை.

கூட்டில் உப்பு சரியாக இருந்தது. சரோஜாவுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

கை கழுவப் போன இடத்தில் ராமதாஸ் அவளிடம் கிசுகிசுத்தான்.

"பாத்தியா, நான் வாயே தெறக்கல. ரெண்டு தடவை தேங்காய்க்கு அலைஞ்சேன். எங்க ஆளுங்களை மதின்னு சொல்றவன், உங்க ஆளையும் மதிக்கணும்ல? ஆனா உங்கப்பாவுக்கு இப்படி ஒரு தங்கச்சி இருக்கறதை நீ சொல்லவே இல்லையே."

"எங்கப்பாவுக்குத் தங்கச்சியா? உங்க பக்கத்து ஆளுன்னுதானே நான் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்தேன்!"

இருவரும் கூடத்துக்கு வந்தார்கள். அந்த அம்மாள் இரண்டாம் தடவை கூட்டு போட்டுக்கொண்டிருந்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க" என்றான் ராமதாஸ். "நீங்க... யாரு?"

"அடுத்த தெரு அப்பாதுரைக்குப் பெரியம்மா. வீடு மாறி வந்துட்டேன்னு காலைலயே தெரிஞ்சு போச்சு" என்றார் அவர், இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல். "அவன் பொண்டாட்டி என்னை அடுப்படிப் பக்கமே விடமாட்டா. நீங்க ஆளாளுக்கு நான் சொன்னதையெல்லாம் கேட்டீங்க, எப்படிங்க எழுந்து போறது?"