அஞ்சாவது கை

"ஏய் பானு! பெட்டியக் கட்டு. நாளைக்குக் காலையில உங்க ஊரு மாயாபந்தர் பஸ்ல நீ இருக்கணும்!"

ஒச்சப்பன் போட்ட சத்தத்துல, கீழ ஜங்லிகாட் மார்க்கெட்டுல மீனுக்குப் பேரம் பேசிட்டு இருந்தவங்ககூட ஒரு தடவ மாடிய அண்ணாந்து பாத்தாங்க.

மாடியிலதான் அவரு ஆபீஸு. ரெண்டு வருசம் முன்னாடி வரைக்கும் சிமெண்ட்டு கான்ட்ராக்டரு. இப்ப ஜீனு கான்ட்ராக்டரு. சிரிக்காதீங்க, நெசந்தான்.

ஏ, டி, ஜி, சின்னு நாலே நாலு எழுத்து. அதயே மாத்தி மாத்தி ஆயிரக்கணக்குல போட்டா அதுக்குப் பேரு ஜீனாம். ஏதாவது ஒரு மருந்துக் கம்பெனி, "இந்த வரிசய நாந்தான் கண்டுபிடிச்சேன், காப்புரிம குடு"ன்னு மெயின்லேண்டு ஆபீஸ்ல மனு போடும். அதே வரிசய அதுக்கு முன்னாடியே வேற யாராச்சும் எழுதி வெச்சிருக்காங்களான்னு உலகத்துல இருக்குற பட்டியலயெல்லாம் தேடிப் பாக்கணும்.

தேட வேண்டியது ஆபீசரு. ஆபீசருக்கு நேரமில்ல. அவரு டில்லிக் கம்பெனிக்குத் தள்ளுவாரு. டில்லி சென்னைக்குத் தள்ளும். சென்னை கடலத் தாண்டி இந்தத் தீவுல இருக்குற ஒச்சப்பன் தலையில தள்ளும். ஒச்சப்பன் பானுமதி தலையில தள்ளுவாரு.

அந்தப் பானுமதிதான் இப்ப தலையக் குனிஞ்சுகிட்டு நிக்குது.

"பாலமுருகன் கண்ணால பாத்திருக்கான். நான் குடுத்த ஃபைல நீ வாட்ஸப்புல எவனுக்கோ அனுப்புற. ஆமாவா, இல்லியா?"

பக்கத்து சீட்டு பாலமுருகன் கம்ப்யூட்டருக்குள்ளயே போயிடறவன் மாதிரி குனிஞ்சுகிட்டான்.

"ஆமா சார். மஜ்பூரி சார், வேற வழியில்ல."

"அரே! கூசாம சொல்றத பாரு! அது அத்தனையும் ரகசியம். அக்ரிமெண்டுல என்ன போட்டிருக்கு? வேலய மூணாவது ஆளுகிட்ட குடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு!"

"நாமளே நாலாவது ஆளுதான சார்?"

பாலமுருகனுக்கு சிரிப்பு முட்டிகிட்டு வந்துச்சு. இருமி சமாளிச்சான்.

"வாய மூடு! நான் வாங்கிக் குடுத்தா அது பிசினஸு. நீ குடுத்தா அது துரோகம்!"

"நான் படிச்சது பி.காம் சார். 'நாலு எழுத்துதான, டைப்பிங் தெரிஞ்சா போதும்'னு எடுத்தது நீங்க. ரிப்போர்ட்டுல எம்பேருக்குக் கீழ சீனியர் சயின்டிஸ்ட்டுன்னு போட்டதும் நீங்க. தெனம் இருபது ஃபைலு. ஒரு எழவும் புரியல. வாட்ஸப் குரூப்புல ஒருத்தரு, இந்தத் தேடுற வேலய வீட்டுல இருந்தே செஞ்சு தரேன்னு போட்டிருந்தாரு. எஞ்சம்பளத்துல பாதிய அவருக்குக் குடுத்துட்டு..."

"யாரு அந்த ஆளு?"

"பேரு கேட்டா சொல்ல மாட்டாரு. டிபில செம்பருத்திப் பூ. டெய்லி குட்மார்னிங் மட்டும் தவறாது. ஆனா வேல ஏ ஒன் சார்!"

அது என்னவோ நெசந்தான். போன வாரம் அந்த மெயின்லேண்டு ஆபீசர் சிவபிரகாஷே மெயில் போட்டிருந்தாரு, பானுமதி ரிப்போர்ட்டு மட்டுந்தான் ஃபர்ஸ்ட் கிளாஸு, மத்ததெல்லாம் குப்பைன்னு. அத பிரிண்ட் எடுத்து செவுத்துல ஒட்டுனதும் ஒச்சப்பந்தான். இப்ப அதப் பாக்கப் பாக்க வயிறு எரிஞ்சுது.

"டிசம்பர்ல சிவபிரகாஷ் சார் குடும்பத்தோட இங்க சுத்திப் பாக்க வந்தப்ப ஹேவ்லாக் தீவுக் கப்பலுக்கு டிக்கெட்டு எடுத்துக் குடுத்து, கப்பல் ஏறுற ஜெட்டி வரைக்கும் பொட்டி தூக்குனவன் நானு. அவரு மூஞ்சில இனிமே எப்படி முழிப்பேன்?"

பானுமதிக்கு அழுக வந்துருச்சு.

"சார், வேல இருக்கறவரைக்குந்தான் எங்கப்பா சும்மா இருப்பாரு. போச்சுன்னு தெரிஞ்சா மறுநாளே அந்தப் பாக்குத் தோட்டக்காரனுக்குக் கட்டி வெச்சுருவாரு. அவன் என்ன விட இருபது வயசு மூப்பு சார்."

"வெக்கட்டும். பந்தியில மொத எலையில நான் உக்காருறேன். அதுக்கு முன்னாடி அந்தச் செம்பருத்திய நாக்கப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கணும். நம்பரச் சொல்லு!"

சொன்னுச்சு.

ஒச்சப்பன் தன் போன எடுத்து ஒவ்வொரு நம்பரா குத்துனாரு. கெட்ட வார்த்தயெல்லாம் வாயில முட்டி மோதிகிட்டு நின்னுச்சு. ஊரே கேக்கட்டும்னு ஸ்பீக்கரயும் போட்டாரு.

ரிங்கு போச்சு. ஸ்க்ரீன்ல பேரு வந்துச்சு. அந்த நம்பரு ஏற்கெனவே அவரு போன்ல இருந்திருக்கு.

'சிவபிரகாஷ் சார், ஆபீசர்'.

கட் பண்ண வெரலு போறதுக்குள்ள அந்தப் பக்கம் எடுத்தாச்சு.

"சொல்லுங்க ஒச்சப்பன்."

"சார்... ஒண்ணுமில்ல சார்... சும்மாதான்... சாப்டீங்களா சார்?"

"எங்கங்க சாப்பிடறது? ஆபீஸ்ல தலைக்கு மேல வேல. ஒரு ஃபைலக்கூட உக்காந்து தேட நேரமில்ல. இன்னும் அம்பது உங்க பக்கம் வருது."

ஒச்சப்பன் வெச்ச கண்ணு வாங்காம பானுமதியப் பாத்தாரு. பானுமதி கண்ணத் தொடச்சுகிட்டு அவரப் பாத்துச்சு.

"அ... அனுப்புங்க சார்."

"எல்லாத்தயும் அந்தப் பானுமதிகிட்டயே குடுங்க. மறந்துபோயி வேற யாருக்கும் குடுத்துராதீங்க. காப்புரிம வேல பாருங்க, நேர்மையான கைக்குத்தான் போய்ச் சேரணும்!"